மாணவர் நண்பர் குழு: தொடங்கும் முன் பெரியவர்கள் செய்ய வேண்டியவை

கேள்வி: தேனி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 1,100 பிள்ளைகள் படிக்கிறார்கள். மனநல ஆலோசகர் கிடையாது. போன வருடம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள்; இப்போது எங்களிடமே பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் மனசு சரியில்லை என்பது அவளுடைய இரண்டு தோழிகளுக்கு மூன்று மாதமாகத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்து கொடுத்ததால் சொல்லவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் தலைமையாசிரியர் ‘மாணவர் நண்பர் குழு’ ஒன்று தொடங்கச் சொல்கிறார். நன்றாகப் படிக்கிற 20 பேரைத் தேர்ந்தெடுத்து, பேட்ஜ் கொடுத்து, ஆளுக்கு 50 மாணவர்கள் என்று பிரித்துவிடலாம், யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கட்டும் என்கிறார். அந்த இரண்டு தோழிகளுக்கும் அனுபவம் இருக்கிறது, அவர்களையும் சேர்க்கலாம் என்பது அவர் யோசனை. பொறுப்பு என் தலையில் வந்திருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்களா என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பயம் நியாயமானது. உங்கள் தலைமையாசிரியரின் நல்ல மனசும் கடிதத்தில் தெரிகிறது. இப்படி ஒன்று நடந்தால் விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருக்கிற பள்ளிகள் உண்டு, பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிற பள்ளிகளும் உண்டு. நீங்கள் அவளை வைத்துக்கொண்டீர்கள், படிக்க வைக்கிறீர்கள். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: குழு வேண்டும், இந்த வடிவத்தில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி அந்த இரண்டு தோழிகள்தான். அந்த மாணவி சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை. இரண்டு பேர் இருந்தார்கள், மூன்று மாதம் கேட்டார்கள். கேட்டதை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த நிலையில் இன்னும் 20 பேரைக் கேட்க உட்கார வைத்தால் என்ன நடக்கும்? இரண்டு பேர் சுமந்த பாரத்தை 20 பேர் சுமப்பார்கள். போக வேண்டிய இடம் அப்போதும் இருக்காது.

பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை முதலில் சிநேகிதர்களிடம்தான் சொல்வார்கள். அது இயல்பு, அதை மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் சிநேகிதர்களோடு பேசிக்கொண்டே இருப்பது மட்டும் ஒருவரைத் தேற்றிவிடும் என்று நாம் நினைப்பது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002 இலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறார். ஒரே பிரச்சினையைத் தோழிகள் திரும்பத் திரும்பப் பேசிப் பேசிக் கிளறும்போது நட்பு நெருக்கமாகிறது. கூடவே, முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், மனச்சோர்வும் பதற்றமும் கூடுகின்றன. அவர் கவனித்தது இதைத்தான். விடுதி வராந்தாவில் ராத்திரி பதினொரு மணி வரை இரண்டு பேர் உட்கார்ந்து அழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த நாள் காலையில் இரண்டு பேருக்கும் முகம் வீங்கியிருக்கும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

ஆகவே உங்கள் குழுவுக்கு ஆலோசனை சொல்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். கவனிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, பிறகு நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கூடவே நடந்து வருவது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. தண்ணீரில் ஒருவன் தத்தளித்தால் நீச்சல் தெரியாத பையன் குதிக்கக் கூடாது, கத்தி ஆள் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம் இல்லையா, அதே கணக்கு.

அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் 1998 இல் தொடங்கிய ‘சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரெங்த்’ என்ற பள்ளித் திட்டம் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அதில் பயிற்சி பெறும் மாணவர்கள் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. கஷ்டத்தில் யாரிடம் போகலாம், நம்மைத் தாங்கிப் பிடிப்பது எது என்ற பேச்சைப் பள்ளி முழுக்கப் பரப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நம்பிக்கையான பெரியவர் பெயரைச் சொல்லவும் வைக்கிறார்கள். 18 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2010 இல் வெளியானது. பெரிய பள்ளிகளில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்த நண்பனைப் பற்றிப் பெரியவரிடம் கொண்டுபோய்ச் சொல்வது, பயிற்சி பெற்ற மாணவர்களிடம் பயிற்சி பெறாதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. உங்களுக்கு வேண்டியது இந்தப் பலன்தான்.

சரி, அந்தப் பெரியவர் யார்? தொடங்க வேண்டிய இடம் இதுதான், டீச்சர். குழுவைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் இதைச் செய்யுங்கள். வகுப்பு வகுப்பாகப் போய் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். ஒரு பக்கத்தில், ‘உனக்குப் பெரிய கஷ்டம் வந்தால் இந்தப் பள்ளியில் எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வாய்?’ மறுபக்கத்தில், ‘உன் வகுப்பில் யாரிடம் சொல்வாய்? மூன்று பேர் பெயர் எழுது.’

முதல் பக்கத்தில் வரும் பெயர்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். ஸ்டாஃப் ரூமில் சீனியர் யார் என்பதற்கும் அந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமே இருக்காது. பி.டி. சார் இருப்பார், லேப் உதவியாளர் இருப்பார், சத்துணவுக்கூடத்து அக்கா இருப்பார். ‘யாரும் இல்லை’ என்று எழுதிய சீட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்த வகுப்பில் அவை அதிகம் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையைத் தலைமையாசிரியரிடம் காட்டினாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

அதிகம் பேர் எழுதிய ஏழெட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காருங்கள். அவர்கள் ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிள்ளை வந்து நின்றதும் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது என்று பேசிப் பழகுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஒரு பிள்ளை இன்டர்வலில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே எட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். “என்னம்மா, என்ன வேணும்?” என்று ஒருவர் கேட்க, மீதி ஏழு பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். “ஒண்ணுமில்ல டீச்சர், நோட்டு வைக்க வந்தேன்.” அவ்வளவுதான், போய்விடும். மறுபடி அது வருமா என்பது சந்தேகம். ஆகவே இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் தாவரவியல் லேப் நல்ல இடம். மதிய இடைவேளையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே இருங்கள். அங்கே யார் வந்தாலும் ரெக்கார்டு நோட்டுக்கு வந்ததாகத்தான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

வந்த பிள்ளையிடம், “படிக்கிற வயசுல உனக்கு என்ன கவலை?” வேண்டாம். “அப்பாகிட்ட சொல்லட்டுமா?” என்று தொடங்கவும் வேண்டாம். “சொல்லு, நேரம் இருக்கு” போதும். உயிரைப் பற்றிய பேச்சு என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” நாமே கேட்டு அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று நிறைய ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,300க்கு மேற்பட்ட மாணவர்களிடம் மேடலின் கூல்ட் என்ற ஆய்வாளரின் குழு இதையே சோதித்துப் பார்த்து 2005 இல் வெளியிட்டது. கேட்டதால் எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அடுத்து யார், எங்கே, எப்போது என்பதைத் தாளில் எழுதி, இந்தப் பெரியவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. தோழியைத் துணைக்கு அனுப்பி வீட்டில் விடச் சொல்லக் கூடாது. அன்றைக்கே பெற்றோரை வரவழைக்க வேண்டும். வீட்டில்தான் ஆபத்து என்று பிள்ளை சொன்னால் மட்டும் அதை வேறு விதமாகக் கையாள வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் இருக்கிறார். குழு தொடங்குவதற்கு முன்பே நீங்களும் தலைமையாசிரியரும் நேரில் போய் அவரைப் பார்த்து, எந்தக் கிழமை வரலாம், அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு வந்துவிடுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசின் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண் 2022 இலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழகத்தில் இந்தச் சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். ஒரு மதியம் நீங்களே அந்த எண்ணுக்குப் போன் செய்து, ஒரு மாணவிக்காக ஆலோசனை கேட்பது எப்படி என்று பேசிப் பாருங்கள். நாம் ஒரு தடவைகூட அழைக்காத எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிள்ளைகளை அழைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதெல்லாம் ஆன பிறகு சீட்டின் மறுபக்கத்துக்கு வாருங்கள். பிள்ளைகள் எழுதிய மூன்று பெயர்களில் யார் பெயர் அதிகம் வருகிறதோ, குழுவுக்கு அவர்கள்தான் வேண்டும். முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களை மட்டும் எடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். “நான் கணக்குல ஃபெயில் ஆயிடுவேன் போல இருக்குடா” என்று ஒரு பையன் 98 மார்க் வாங்குகிறவனிடம் போய்ச் சொல்வானா? வகுப்பு லீடரும் வேண்டாம். சார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது யார்? லீடர்தானே. பெயர் எழுதுகிற கையிடம் யாரும் ரகசியம் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகள் மதிக்கிற பிள்ளைகளை எடுத்தால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு மாணவர் குழுவைத் தயார்ப்படுத்திச் சச்சரவுக்கு எதிராகப் பேச வைத்தார்கள். அப்படிக் குழு அமைத்த பள்ளிகளில் சண்டை சம்பந்தமாகப் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. மற்ற மாணவர்கள் அதிகம் கவனிக்கிற பிள்ளைகள் குழுவில் எங்கே கூடுதலாக இருந்தார்களோ, அங்கே பலனும் கூடுதலாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்க வைக்கிற பையன் அப்படிப்பட்ட ஒருவனாக இருக்கலாம். அவன் பெயர் நிறையச் சீட்டில் வந்தால் தயங்காமல் சேருங்கள்.

பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த பஸ், விடுதியா வீடா என்று பிரித்துப் பார்த்தால் யாருக்கு ஆள் இல்லை என்பது தெரிந்துவிடும். வெளிப்படையாகவே சொல்கிறேன்: எந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை என்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்து, அடுத்த ஆண்டு அறிக்கையும் வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கயிறு வரைக்கும் அதில் பேசப்பட்டது. நம் பள்ளிகளில் மனவேதனைக்குச் சாதி ஒரு காரணம். அதைச் சொல்ல முடியாத இடமாக உங்கள் குழு ஆகிவிடக் கூடாது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தேர்வே போதும். எட்டு, ஒன்பது, பிளஸ் ஒன் வகுப்புகளில் எடுங்கள். பெற்றோரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு 50 பேர் என்று பிரிக்கவே வேண்டாம். நட்பைப் பட்டியல் போட்டுப் பங்கிட முடியாது. பேட்ஜும் வேண்டாம். பேட்ஜ் போட்டவனோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்தால், ‘இவனுக்கு ஏதோ பிரச்சினை’ என்று பள்ளிக்கே தெரிந்துவிடும்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் கையால் எழுதிய இன்னொரு பிள்ளையின் ரகசியம் ஒரு பையில் இருந்தால் அது ஒரு நாள் பெஞ்சுக்குக் கீழே விழும். யாரோ போட்டோ எடுப்பார்கள், சாயந்திரத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதிகாரி ஆய்வுக்கு வரும்போது காட்ட ஏதாவது வேண்டுமென்றால், குழு கூடிய தேதி, எத்தனை பேர் வந்தார்கள், என்ன பயிற்சி நடந்தது என்று எழுதுங்கள், போதும். இன்னொன்றும் தலைமையாசிரியரிடம் உறுதியாக வாங்கிக்கொள்ளுங்கள்: யார் யாரைக் காதலிக்கிறார்கள், யார் போன் கொண்டு வருகிறார்கள் என்று இந்தக் குழுவிடம் யாரும் விசாரிக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை அப்படி நடந்தாலும் இவர்கள் சார்களின் ஆள் என்று முத்திரை விழுந்துவிடும். அதோடு குழு முடிந்தது.

பயிற்சிக்கு இரண்டு மூன்று சனிக்கிழமைகள் போதும். பேச்சாளரைக் கூட்டி வந்து உரை நிகழ்த்த வேண்டியதில்லை. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து வசனம் பேச வையுங்கள். “என்ன மச்சான், ரெண்டு நாளா சாப்பாட்டுக்கே வர்ல, என்னாச்சு?” என்று ஒருவன் கேட்கட்டும். மற்றவன், “ஒண்ணுமில்லடா” என்று சொல்லட்டும். நம் பையன்கள் சொல்கிற பதில் அதுதான். அதற்கு அடுத்து என்ன சொல்வது என்பதில்தான் பயிற்சியே இருக்கிறது. “சரி, சொல்ல வேணாம். நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது பையன்களுக்கு மிகவும் கஷ்டம். கிண்டல் வந்துவிடும், இல்லையென்றால் அறிவுரை வந்துவிடும். “இதெல்லாம் ஒரு மேட்டரா”, “எங்க வீட்டுலயும் இப்படித்தான்”, “விடு, அவ இல்லன்னா வேற ஆளா இல்ல” ஆகிய மூன்றையும் அவர்களே நடித்துப் பார்க்கட்டும். கேட்கிற இடத்தில் உட்கார்ந்தால்தான் அது எப்படி வலிக்கிறது என்று தெரியும்.

சத்தியத்துக்கு இதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பள்ளியில் அந்த இரண்டு பேரின் வாயைக் கட்டியது அதுதான். நம் பிள்ளைகளுக்குச் சத்தியம் விளையாட்டு இல்லை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு மீறினால் அந்த ஆளுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று மெய்யாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். “சத்தியத்தை மீறலாம்” என்று நாம் மேடையில் சொன்னால் எடுபடாது. சத்தியம் செய்யும் முன்பே சொல்வதற்கு ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும். “நீ சொல்றத நான் வேற யாருகிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து டீச்சர்கிட்ட போறோம். அதுக்கு மட்டும் சத்தியம் கேக்காத.” இதை அவரவர் பேச்சில், தடுமாறாமல் வருகிற வரைக்கும் சொல்லிப் பழக வேண்டும். ‘சேர்ந்து’ என்பது முக்கியம். தோழிக்குத் தெரியாமல் போய்ச் சொல்வது காட்டிக்கொடுப்பது போல இருக்கும், கூட நடந்து வருவது அப்படி இருக்காது. அவள் வர மறுத்தால் தனியாகவாவது வந்து சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பாலியல் தொந்தரவு பற்றி யாராவது சொன்னால் அன்றைக்கே உங்களிடம் வந்தாக வேண்டும். போக்சோ சட்டப்படி பெரியவர்களாகிய நாம் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098 இலும் உதவி கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தெரிவிக்காததற்கான அந்தத் தண்டனை கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் குழுவிடம் சொல்லுங்கள். பயந்துபோய் வாயை மூடிக்கொள்ளாமல் இருப்பார்கள்.

ராத்திரி நேரச் செய்திக்கும் ஒரு வழி வைத்திருங்கள். பன்னிரண்டு மணிக்கு ‘எனக்கு வாழவே பிடிக்கல’ என்று ஒரு செய்தி வந்தால் குழுவில் இருக்கிற பிள்ளை தனியாக அதோடு மல்லுக்கட்டக் கூடாது. வீட்டில் தூங்குகிற அம்மாவையோ அப்பாவையோ எழுப்ப வேண்டும், உங்களைக் கூப்பிட வேண்டும், 14416 ஐக் கூப்பிட வேண்டும். சம்மதக் கடிதம் வாங்கும்போதே பெற்றோரிடம் இதை விளக்கிவிடுங்கள்.

பொறுப்பு ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், முடிந்தால் ஒரு ஆண், ஒரு பெண். 2020 இல் வந்த மத்திய அரசின் பள்ளி நலத் திட்டத்திலும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைத்தான் கேட்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு பீரியடு குழுவோடு உட்காருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்காமல், ‘உனக்கு எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். சக மாணவர் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், உதவி பெறும் பிள்ளைகளுக்கு என்ன பலன் என்பதற்கான சான்று இன்னும் குறைவு என்றுதான் சொல்கிறார்கள். உதவி செய்யும் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடுவது சில ஆய்வுகளில் தெரிகிறது. குற்ற உணர்வு கூடியதும் ஒரு ஆய்வில் வந்திருக்கிறது. நீங்கள் பயந்தது அந்தக் குற்ற உணர்வைத்தான்.

ஆகவே அந்த இரண்டு தோழிகளை இப்போது குழுவில் சேர்க்காதீர்கள். அவர்கள் மூன்று மாதம் தூங்காமல் கிடந்திருப்பார்கள், அதன் பிறகு ‘நாம சொல்லியிருந்தா’ என்று ஒரு வருடமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை அழைத்து, முதலில் தனித்தனியாக, பிறகு சேர்த்து வைத்துப் பேசுங்கள். ‘நீங்க ஏன் சொல்லல’ என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. “நீங்க அவ கூட இருந்தீங்க. யாருகிட்ட போறதுன்னு உங்களுக்கு நாங்க சொல்லித் தரல. அது எங்க தப்பு” என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும், தலைமையாசிரியரே சொன்னால் இன்னும் நல்லது. தூக்கம், சாப்பாடு, படிப்பு எதிலாவது மாற்றம் தெரிந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த வருடம் அவர்களே விரும்பி வந்தால் அப்போது பார்க்கலாம்.

குழுவில் இல்லாத மீதிப் பிள்ளைகளுக்கும் ஏதாவது வேண்டும். ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் 11,000 மாணவர்களைக் கொண்டு நடந்த ‘செய்லி’ என்ற தற்கொலைத் தடுப்பு ஆய்வு 2015 இல் வெளியானது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளிலும், கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்து மருத்துவரிடம் அனுப்பிய பள்ளிகளிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. வகுப்பு மொத்தமும் உட்கார்ந்து, நடித்துப் பார்த்து, பேசிப் பழகிய பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் பாதியளவுக்குக் குறைந்தன. அதற்கு அவர்கள் செலவழித்தது நான்கு வாரத்தில் ஐந்து மணி நேரம். குழுவுக்குக் கொடுக்கிற அதே நடிப்புப் பயிற்சியைச் சுருக்கி, நீதிபோதனை வகுப்பில் எல்லோருக்கும் கொடுங்கள்.

ஆலோசகர் விஷயத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 70க்கு மேற்பட்ட பள்ளிகளில் ‘செஹர்’ என்ற மாணவர் நலத் திட்டம் நடந்தது. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடுகிற பேச்சுப் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, பிரேயரில் பேச்சு, தனி ஆலோசனை எல்லாம் அதில் உண்டு; நம் அரசுப் பள்ளிகளின் ‘மாணவர் மனசு’ பெட்டி நினைவுக்கு வரும். சில பள்ளிகளில் ஏற்கெனவே இருந்த ஆசிரியரே பொறுப்பேற்றார். சில பள்ளிகளில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரை இதற்கென்றே வைத்தார்கள். 2018 இல் முடிவு வந்தபோது, தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆசிரியர் கூடுதலாகச் சுமந்த பள்ளிகளில் வித்தியாசம் தெரியவில்லை. உங்களைச் சோர்வடைய வைக்க இதைச் சொல்லவில்லை. நிர்வாகத்திடம் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்களிடம் 1,100 பேர் இருக்கிறார்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அந்தத் தீர்ப்பின் நகலோடு போங்கள்.

மே மாதத்தை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். பள்ளி மூடியிருக்கும், ரிசல்ட் மட்டும் வரும். அந்தச் சில நாட்களில் ஆபத்து அதிகம். தவறக்கூடும் என்று உங்களுக்குத் தோன்றுகிற பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாளே வகுப்பாசிரியர் போன் செய்து, துணைத் தேர்வு உடனே வரும், வருடம் வீணாகாது என்று பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லட்டும். ரிசல்ட் வந்த காலையில் மறுபடி கூப்பிடட்டும். இது பெரியவர்கள் வேலை, குழுப் பிள்ளைகளிடம் தள்ள வேண்டாம்.

குழு தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் உங்களிடம் வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். ‘முன்னாடி இவ்வளவு பிரச்சினை இல்லையே, குழு வந்துதான் கிளறிவிட்டது’ என்று யாராவது ஸ்டாஃப் மீட்டிங்கில் நிச்சயம் சொல்வார்கள். தலைமையாசிரியரை அதற்கு இப்போதே தயார் செய்யுங்கள். முன்பும் இருந்தது, நம்மிடம் வரவில்லை, அவ்வளவுதான். குழு வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுத்த ஜூனில் அதே துண்டுச் சீட்டை மறுபடி கொடுத்து, ‘யாரும் இல்லை’ எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் தடவை சீட்டு வாங்கிய பிறகு, எந்த வகுப்பில் அது அதிகம் என்று எனக்கு எழுதுங்கள். அந்த வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.